ஃபோல்க்ஸ்பிராக் மொழியில் இணைப்புச்சொல்

ஃபோல்க்ஸ்பிராக் என்பது செருமானிய மொழிகளைப் பேசுவோர் அனைவரும் சிறிய முயற்சியிலேயே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற நோக்கில் உருவாக்க முனைந்த ஒரு செயற்கை மொழி ஆகும். 'மக்கள் மொழி' என்பது இப்பெயரின் பொருள். 1995 ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜெஃப்ரி ஹென்னிங்கின் முன்முயற்சியில், இணையவழி மொழி ஆர்வலர்களின் கூட்டுப் பணியாக இது தொடங்கியது. ஆங்கிலம், செருமன், டச்சு, சுவீடியம், டேனியம், நோர்வேயியம் ஆகியவை இதன் முதன்மை மூல மொழிகள்.

இம்மொழியை உருவாக்கியோர் எதிர்கொண்ட சிக்கல்களுள் மிகச் சிறிய ஒரு சொல் பற்றியதும் ஒன்று. 'பாலும் ரொட்டியும்' என்பதில் 'உம்' செய்யும் வேலையைச் செய்யும் இணைப்புச்சொல்லாக எதை வைப்பது என்பதே அது. பெரிய சொற்களில் ஒன்றுபட்டு நிற்கும் செருமானிய மொழிகள் இச்சிறு சொல்லில் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. ஒரு பொதுமொழியைக் கணக்குப் போட்டு உருவாக்க முடியுமா என்ற கேள்விக்கு இச்சொல் நல்லதோர் எடுத்துக்காட்டு.

இக்கட்டுரையில் அயல்மொழிச் சொற்களின் ஒலிப்பு தமிழ் எழுத்துகளில் ஏறத்தாழவே தரப்பட்டுள்ளது.

இணைப்புச்சொல்லின் இன்றியமையாமை

சொற்களையும் தொடர்களையும் ஒன்றோடொன்று சேர்க்கும் சொல் இணைப்புச்சொல் எனப்படும். ஆங்கிலத்தின் 'அண்ட்' (உம்), 'ஆர்' (அல்லது), 'பட்' (ஆனால்), 'இஃப்' (எனில்) போன்றவை இவ்வகையின. தமிழில் இப்பணியைப் பெரும்பாலும் இடைச்சொற்களும் எச்சங்களும் செய்கின்றன. செருமானிய மொழிகளிலோ இவை தனிச் சொற்களாக நிற்கும்.

இச்சொற்கள் உருவில் சிறியவை, பயன்பாட்டில் பெரியவை. 1960களில் அமெரிக்காவில் தொகுக்கப்பட்ட பிரௌன் சொற்தொகுதியில் ஏறத்தாழ 10 லட்சம் ஆங்கிலச் சொற்கள் உள்ளன. அதில் மிகுதியாக வரும் சொற்களின் வரிசையில் 'அண்ட்' மூன்றாம் இடத்தில் உள்ளது. எழுதப்படும் ஒவ்வொரு நூறு சொற்களிலும் இரண்டு அல்லது மூன்று முறை அது வந்துவிடுகிறது. ஆகவே ஒரு செயற்கை மொழியில் இச்சொல் பொருந்தாமல் போனால், அக்குறை ஏதோ ஒரு பக்கத்தில் தென்பட்டு மறைவதில்லை. ஏறக்குறைய எல்லா வரியிலும் உறுத்திக்கொண்டே இருக்கும்.

பின்னணி

செருமானிய மொழிகள் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஒரு கிளை. இன்று பேசப்படுபவை இரு பிரிவுகளில் அடங்கும். ஆங்கிலம், செருமன், டச்சு, ஃபிரீசியம், ஆப்பிரிக்கானம், இத்தியம், லக்சம்பர்கியம் முதலியவை மேற்குப் பிரிவு. சுவீடியம், டேனியம், நோர்வேயியம், ஐசுலாந்தியம், ஃபரோயியம் ஆகியவை வடக்குப் பிரிவு. கோத்தியம் முதலிய கிழக்குப் பிரிவு மொழிகள் இன்று வழக்கில் இல்லை.

இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு மொழியை உருவாக்கும் எண்ணம் ஃபோல்க்ஸ்பிராக்குடன் தொடங்கியதன்று. நோர்வேயிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1845 இல் பிறந்த எலியாஸ் மோலி என்பவர், 'டியூட்டானிஷ்' என்னும் செருமானியப் பொதுமொழித் திட்டத்தை 1902 இல் நூலாக வெளியிட்டார். பின்னர் அதைப் பலமுறை திருத்தி வேறு பெயர்களிலும் வெளியிட்டார். வெவ்வேறு செருமானிய மொழிகளைப் பேசும் குடியேறிகள் அருகருகே வாழ்ந்த சூழலில் வளர்ந்தவருக்கு இத்தகைய எண்ணம் தோன்றியதில் வியப்பில்லை.

பெயர்ச்சொற்களின் ஒற்றுமை

'பாலும் ரொட்டியும்' என்ற எளிய தொடரை ஐந்து மொழிகளில் வைத்துப் பார்க்கலாம்.

ஆங்கிலம்: மில்க் அண்ட் பிரெட்
செருமன்: மில்ஹ் உண்ட் ப்ரோட்
டச்சு: மெல்க் என் ப்ரோட்
சுவீடியம்: ம்யோல்க் ஒக் ப்ரேட்
டேனியம்: மெல்க் ஓ ப்ரோத்

'பால்' என்னும் சொல் ஐந்திலும் ஒரே வேரிலிருந்து வந்தது என்பது பார்த்தவுடன் தெரிகிறது. 'ரொட்டி'யும் அவ்வாறே. இவற்றின் நடுவான ஒரு வடிவத்தை அமைப்பது கடினமன்று. 'மெல்க்' என்றோ 'மில்க்' என்றோ எழுதினால் ஐவருமே புரிந்துகொள்வர். ஆனால் இரண்டையும் சேர்க்கும் சொல்லுக்கு வரும்போது 'அண்ட், உண்ட், என்' என்று மூவர் ஒருபுறமும், 'ஒக், ஓ' என்று இருவர் மறுபுறமும் நிற்கின்றனர். டேனியத்தில் 'ஓ' என்று ஒலிக்கப்படும் சொல் எழுத்தில் 'ஓக்' என்றே உள்ளது. நோர்வேயியமும் இந்த அணியையே சேர்ந்தது. எனவே ஆறு மூல மொழிகளில் மூன்றுக்கு மூன்று என்பதே நிலை.

இரண்டு வேர்கள்

இப்பிரிவு அண்மைக்காலத்தது அன்று. பழைய ஆங்கிலத்தில் 'அண்ட்' அல்லது 'ஒண்ட்', பழைய சாக்சனில் 'எண்டி', பழைய உயர் செருமனில் 'எண்டி', 'உண்டி', 'இண்டி' என்ற வடிவங்கள் காணப்படுகின்றன. மேற்குப் பிரிவு முழுவதும் இவற்றின் வழிவந்த சொற்களே இன்றும் வழங்குகின்றன. தாழ்நிலச் செருமனிலும் இத்தியத்திலும் 'உன்', ஆப்பிரிக்கானத்தில் 'என்', லக்சம்பர்கியத்தில் 'அன்' எனச் சிறு மாற்றங்கள் மட்டுமே உண்டு.

வடக்குப் பிரிவின் தாயான பழைய நோர்சு மொழியில் இணைப்புச்சொல் 'ஒக்' என்பதாகும். இது செருமனின் 'ஔஃக்', டச்சின் 'ஓக்' ஆகியவற்றுக்கு உறவான சொல் என்பது மொழியியலாரின் பொதுவான விளக்கம். அவ்விரு மொழிகளிலும் இச்சொல்லுக்குப் பொருள் 'கூட', 'மேலும்' என்பதே. பழைய ஆங்கிலத்திலும் 'ஏஆக்' என்ற வடிவில் இது இருந்தது. இன்றைய ஆங்கிலத்தில் பட்டப்பெயரைக் குறிக்கும் 'நிக்னேம்' என்ற சொல்லின் முதற்பகுதியில் அதன் எச்சம் ஒளிந்துள்ளது. 'ஈக்நேம்', அதாவது 'கூடுதல் பெயர்', என்பதே அதன் பழைய வடிவம். முன்னால் வரும் 'அன்' என்ற சொல்லின் இறுதி மெய் அதனோடு ஒட்டிக்கொண்டதால் அது 'நிக்னேம்' ஆயிற்று.

'கூட' என்னும் பொருளுடைய சொல் எப்படி இணைப்புச்சொல் ஆனது என்பது தமிழறிந்தோருக்கு எளிதில் விளங்கும். 'அவனும் வந்தான்' என்பதில் 'உம்' 'கூட' என்ற பொருளைத் தருகிறது. 'அவனும் அவளும் வந்தனர்' என்பதில் அதே 'உம்' இணைக்கும் பணியைச் செய்கிறது. வடக்குச் செருமானியத்திலும் பொருள் இவ்வழியே நகர்ந்தது. பிறகு 'கூட' என்பதைச் சொல்லத் தனிச்சொல் தேவைப்பட்டதால் சுவீடியம் 'ஒக்சோ' என்ற புதிய கூட்டுச்சொல்லை அமைத்துக்கொண்டது.

நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா விவிலியத்தை மொழிபெயர்த்த கோத்திய மொழியில் இணைப்புச்சொல் 'யாஹ்'. அது மேற்கண்ட இரண்டோடும் சேராது. ஆக, நடுவான வடிவம் காண்பதற்கு உதவும் ஒரே பொது மூதாதைச் சொல் இங்கே கிடைப்பதில்லை.

தேர்வு முறைகளும் அவற்றின் எல்லையும்

செயற்கை மொழிகளை உருவாக்குவோர் சொற்களைத் தேர்வதற்குச் சில முறைகளைக் கையாள்வர்.

முதலாவது, ஒரு மொழிக்கு ஒரு வாக்கு என்ற முறை. ஆறு மூல மொழிகளைக் கொண்டால் மேற்குக்கு மூன்று, வடக்குக்கு மூன்று எனச் சமநிலை ஏற்படும். ஃபிரீசியத்தைச் சேர்த்தால் மேற்கு வெல்லும். ஐசுலாந்தியத்தைச் சேர்த்தால் வடக்கு வெல்லும். யாரை அவையில் அமர்த்துகிறோம் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

இரண்டாவது, பேசுவோர் தொகையின்படி முடிவு செய்யும் முறை. இதில் மேற்குப் பிரிவு எளிதாக வெல்லும். சுவீடியத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 1 கோடி. டேனியமும் நோர்வேயியமும் அதைவிடச் சிறியவை. ஆனால் இம்முறையை எல்லாச் சொற்களுக்கும் பின்பற்றினால் ஆங்கிலமே ஒவ்வொரு முறையும் வெல்லும். அப்படியானால் தனியே ஒரு பொதுமொழி எதற்கு என்ற கேள்வி எழுகிறது. சிறிய மொழிகளுக்கும் இடமளிப்பதே இத்தகைய திட்டங்களின் நோக்கம் என்பதால் இம்முறை அந்நோக்கத்தையே தளர்த்திவிடுகிறது.

மூன்றாவது, ஒலிகளின் நடுவான வடிவத்தைக் காணும் முறை. மேற்கு வடிவமே போதும் என்று முடிவு செய்தாலும் சிக்கல் தீர்வதில்லை. ஆங்கிலம், செருமன், டச்சு ஆகிய மூன்றிலும் மூன்று வேறு உயிரொலிகள் உள்ளன. இறுதியில் வரும் ஒலி ஆங்கிலத்திலும் செருமனிலும் உண்டு, டச்சில் இல்லை. அனைத்துக்கும் பொதுவாக எஞ்சுவது நடுவில் நிற்கும் 'ன்' என்ற மூக்கொலி மட்டுமே.

ஒவ்வொரு வடிவத்திலும் உள்ள இடர்

ஒரு மொழியினர் தெளிவாகப் புரிந்துகொள்ளும் சொல், இன்னொரு மொழியில் முற்றிலும் வேறு பொருள் தருவது உண்டு. இணைப்புச்சொல்லின் செய்தியில் இது மிகுதி.

'அண்ட்' என்ற ஆங்கில வடிவத்தை எடுத்துக்கொண்டால், டேனியத்திலும் நோர்வேயியத்திலும் அதே எழுத்துகளில் எழுதப்படும் சொல்லுக்கு 'வாத்து' என்று பொருள். சுவீடியத்தில் அது காட்டு வாத்தைக் குறிக்கும்.

உயிரொலியை மாற்றி 'ஒண்ட்' என்று ஒரு நடு வடிவம் அமைத்தால், வடக்கு மொழிகளில் அச்சொல் 'தீய' என்று பொருள்படும். அதைச் சுவீடியர் ஒலிப்பது ஏறக்குறைய 'உண்ட்' என்றே. எனவே செருமனின் வடிவத்தை அப்படியே எடுத்தாலும் சுவீடியர் காதில் அதே சொல்லின் சாயல் விழும்.

'என்' என்ற டச்சு வடிவம் வடக்கு மொழிகளில் 'ஒன்று', 'ஒரு' என்ற பொருளைத் தரும். ஐசுலாந்தியத்தில் அதே எழுத்துகளுக்கு 'ஆனால்' என்று பொருள். 'பால் ஒரு ரொட்டி' என்றோ 'பால் ஆனால் ரொட்டி' என்றோ படிக்கும் நிலை உண்டாகும்.

'அன்' என்று சுருக்கினால் அது ஆங்கிலத்தில் 'ஒரு' என்பதைக் குறிக்கும். செருமனில் இடத்தைக் குறிக்கும் முன்னிடைச்சொல்லாக நிற்கும்.

வடக்கு வடிவத்தை ஏற்று 'ஒக்' என வைத்தால், செருமானியரும் டச்சுக்காரரும் அதைத் தம் 'கூட' என்ற சொல்லாகக் கொள்வர். பொருள் அருகில் இருந்தாலும் தொடர் தடுமாறும். பழைய நோர்சு எழுத்துமுறைப்படி எழுதினால் இன்றைய வாசகர் அதை 'ஓகே', அதாவது 'சரி', என்றே படிப்பார்.

இவற்றுள் எதுவும் தீர்க்கமுடியாத குழப்பமன்று. சூழலை வைத்து வாசகர் பொருளைப் பிடித்துக்கொள்வார். ஆயினும் 'கற்காமலே புரிய வேண்டும்' என்று வாக்களிக்கும் ஒரு மொழியில், மிக மிகுதியாக வரும் சொற்களுள் ஒன்றையே முதலில் கற்பிக்க வேண்டியதாகிறது.

எண்களுக்குள் இணைப்புச்சொல்

இணைப்புச்சொல் தனித்து நிற்கும் இடங்களோடு சிக்கல் முடிவதில்லை. செருமனில் 21 என்ற எண்ணை 'ஐன்-உண்ட்-ட்ஸ்வான்ட்ஸிக்' என்பர். அதாவது 'ஒன்றும் இருபதும்'. டச்சும் டேனியமும் இதே முறையைக் கொண்டுள்ளன. ஆங்கிலத்திலும் சுவீடியத்திலும் 'இருபது-ஒன்று' என்ற வரிசையே வழக்கு; இணைப்புச்சொல் வருவதில்லை.

நோர்வேயில் 'ஒன்றும் இருபதும்' என்ற பழைய முறை 1951 இல் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டு 'இருபத்தொன்று' முறை கொண்டுவரப்பட்டது. தொலைபேசி எண்களைச் சொல்லும்போது ஏற்பட்ட குழப்பம் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. அரசே முடிவெடுத்துப் பள்ளிகளில் கற்பித்த பின்னரும் பழைய முறையில் எண்ணுவோரை இன்றும் நோர்வேயில் காணலாம். சிறு சொற்கள் எவ்வளவு ஆழமாக மனத்தில் பதிந்துள்ளன என்பதற்கு இது சான்று.

நோர்வேப் பள்ளி மாணவர் எழுத்தில் மிகப் பரவலாகக் காணப்படும் பிழைகளுள் ஒன்றும் இச்சொல் பற்றியதே. இணைப்புச்சொல்லும், வினையின் மூல வடிவத்துக்கு முன்னால் வரும் சிறு சொல்லும் பேச்சில் ஒன்றுபோலவே 'ஓ' என ஒலிக்கும். எழுத்தில் மட்டும் வேறுபடும். தாய்மொழியாகப் பேசுவோரே எழுதும்போது தடுமாறும் இச்சொல்லை வேற்று மொழியினருக்குப் பொதுவாக்குவது மேலும் கடினம்.

பிற இணைப்புச்சொற்கள்

'உம்' மட்டுமே இவ்வாறு பிரிந்து நிற்கிறது என்று கருத வேண்டியதில்லை. 'ஆனால்' என்பதற்கு ஆங்கிலம் 'பட்', செருமன் 'ஆபர்', டச்சு 'மார்', வடக்கு மொழிகள் மூன்றும் 'மென்' எனக் கொண்டுள்ளன. 'அல்லது' என்பதற்கு ஆங்கிலம் 'ஆர்', செருமன் 'ஓடர்', டச்சு 'ஒஃப்', வடக்கு மொழிகள் 'எல்லர்'. டச்சின் 'ஒஃப்' ஆங்கில வாசகருக்கு 'உடைய' என்ற பொருள் தரும் சொல்லாகத் தோன்றும்.

துணைத்தொடர்களைத் தொடங்கும் இணைப்புச்சொற்களில் வேறொரு சிக்கல் உண்டு. செருமனிலும் டச்சிலும் 'ஏனெனில்', 'என்று' போன்ற பொருளுடைய சொற்கள் வந்தால் வினைச்சொல் தொடரின் இறுதிக்குச் சென்றுவிடும். ஆங்கிலத்தில் அது இடம் மாறாது. வடக்கு மொழிகளில் வினை இறுதிக்குச் செல்வதில்லை. ஆனால் 'இல்லை' போன்ற எதிர்மறைச் சொல்லின் இடம் மாறும். ஆகவே ஓர் இணைப்புச்சொல்லைத் தேர்வது என்பது ஒரு சொல்லை மட்டும் தேர்வதன்று. அதோடு தொடரமைப்பையும் தேர்வதாகும்.

பிற செயற்கை மொழிகள் கண்ட வழி

இதே கேள்விக்கு வேறு செயற்கை மொழிகள் வெவ்வேறு விடைகளைக் கண்டன.

செருமன் நாட்டுக் கத்தோலிக்கக் குருவான யோகான் மார்ட்டின் ஷ்லையர் 1879-80 இல் உருவாக்கிய வோலப்யூக் மொழியின் சொற்கள் பெரிதும் ஆங்கிலம், செருமன் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆயினும் 'உம்' என்பதற்கு அவர் அவ்விரண்டையும் விடுத்து 'எ' என்ற ஓரெழுத்துச் சொல்லை வைத்தார். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அது 'எட்' ஆகும். 'ஆனால்' என்பதற்கு மட்டும் செருமன் சொல்லைச் சுருக்கி 'அப்' என்றார்.

1887 இல் எஸ்பெராண்டோவை வெளியிட்ட சாமென்ஹோஃப், கிரேக்கத்திலிருந்து 'கய்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். மேற்கு ஐரோப்பாவின் பெரிய மொழிகள் எதற்கும் அது சொந்தமன்று. ஆகையால் ஒருவர் சொல்லை ஏற்று மற்றவர் சொல்லைத் தள்ளினார் என்ற குறை எழவில்லை. எல்லோரும் அச்சொல்லைப் புதிதாகவே கற்க வேண்டியிருந்தது.

இலத்தீன் வழிவந்த மொழிகளுக்குப் பொதுவாக அமைந்த இன்டர்லிங்குவாவுக்கு இத்தொல்லை பெரிதாக இல்லை. இத்தாலியமும் போர்த்துக்கீசியமும் 'எ', பிரெஞ்சு 'ஏ', எசுப்பானியம் 'இ' என ஒரே இலத்தீன் வேரைக் கொண்டிருந்ததால் 'எ' என்று வைக்க முடிந்தது. சிலாவிய மொழிகளுக்கு இடையிலான பொதுமொழியும் ரஷ்யம், போலிஷ், செர்பியம், பல்கேரியம் ஆகியவற்றில் பொதுவாக உள்ள 'இ' என்பதை எடுத்துக்கொண்டது. செருமானியக் குடும்பத்துக்கு மட்டும் இவ்வாய்ப்பு அமையவில்லை.

ஃபோல்க்ஸ்பிராக்கின் முடிவு

ஃபோல்க்ஸ்பிராக்கில் எழுதப்பட்டுப் பரவலாக அறியப்பட்ட ஒரு மாதிரி உரையில் செருமன் வடிவமான 'உண்ட்' இடம்பெற்றுள்ளது. ஆனால் அது அனைவரும் ஏற்ற இறுதி முடிவாக நிலைக்கவில்லை. எழுத்துமுறை, சொற்தேர்வு, இலக்கணம் ஆகிய பலவற்றிலும் ஆர்வலர்களிடையே கருத்தொற்றுமை ஏற்படாததால் மிடல்ஸ்பிராக்க, ஃப்ரெங்கிஷ் போன்ற தனித்தனி வடிவங்கள் தோன்றின. பிரிந்த மொழிகளை ஒன்றாக்கப் புறப்பட்ட திட்டம் தானே பல கிளைகளாகப் பிரிந்தது.

இதைத் தோல்வி என்று மட்டும் கூறிவிட முடியாது. ஒரு மொழிக் குடும்பத்தின் உறுப்பினர்கள் எங்கே ஒன்றுபடுகின்றனர், எங்கே வேறுபடுகின்றனர் என்பதை இம்முயற்சி தெளிவாகக் காட்டியது. பால், ரொட்டி, கை, வீடு, நீர் போன்ற பொருட்பெயர்களில் இருக்கும் ஒற்றுமை, அவற்றைச் சேர்த்துக் கட்டும் சிறு சொற்களில் குறைவு.

சிறு சொற்கள் ஒருபோதும் மாறா என்பதும் இல்லை. வடக்கு மொழிகளில் இன்று 'ஆனால்' என்பதைக் குறிக்கும் 'மென்' அவற்றின் சொந்தச் சொல் அன்று. ஹான்சா வணிகக் கூட்டமைப்பு ஓங்கியிருந்த இடைக்காலத்தில், வட செருமன் வணிகர் பேசிய தாழ்நிலச் செருமனிலிருந்து அது வந்து சேர்ந்தது. பழைய நோர்சில் 'ஆனால்' என்பதைக் குறித்த சொல்லை இன்றுவரை காத்து வருவது தொலைவில் உள்ள ஐசுலாந்தியம். ஸ்டாக்ஹோம், பெர்கன் போன்ற துறைமுக நகரங்களில் இரு மொழியினரும் தலைமுறை தலைமுறையாக ஒன்றாக வாழ்ந்து, வாங்கி விற்றதன் விளைவாக அச்சொல் மெல்ல இடம்பிடித்தது. அதை வைக்கலாமா வேண்டாமா என்று எவரும் வாக்கெடுத்து முடிவு செய்யவில்லை.